இவர் அடிப்பார், அவர் ஓடுவார்

கிரிக்கெட்டில் 'பை ரன்னர்' என்று ஒருவர் இருந்தது நினைவிருக்கிறதா? மட்டை பிடிப்பவருக்குக் காலில் அடிபட்டால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து ஓடுவார். சில சமயம் மூன்று பேர் சேர்ந்து ஓடி, யார் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று தெரியாமல் முழிப்பார்கள். பார்க்க நல்ல வேடிக்கை. இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, 2011 அக்டோபரில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓட முடியாதவர் நொண்டிக்கொண்டே ஆடவேண்டும், இல்லையென்றால் பெவிலியனுக்குப் போய் உட்காரவேண்டும்.

அமெரிக்காவில் ஓர் ஆட்டம் இந்தப் பை ரன்னரை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூத்தோர் சாஃப்ட்பால். ஐம்பதில் தொடங்கி எண்பது, எண்பத்தைந்து வயதுவரை உள்ளவர்கள் சங்கம் வைத்து ஆடுகிறார்கள். வருடா வருடம் ஊர் விட்டு ஊர் போய்ப் போட்டிகளில் கலந்துகொண்டு, பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் சாஃப்ட்பால் உண்டு. பேஸ்பாலுக்குத் தம்பி முறை. பந்து கொஞ்சம் பெரிசு, சுற்றளவு 12 அங்குலம். அதைக் கீழிருந்து போடவேண்டும். நாலு மூலையிலும் நாலு தளம். அடித்துவிட்டு நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பிறந்த கதையும் சுவாரசியமானதுதான். 1887-ல் நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவில் ஒரு படகு கிளப்பில் இளவட்டங்கள் கூடி, கால்பந்து முடிவுக்காகக் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் கையிலிருந்த கம்பால் அதைத் தட்டினார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே உருண்டையாகக் கட்டி, கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சாஃப்ட்பால் என்ற பெயர் 1926-ல்தான் வந்தது.

அந்தப் பெயர் வந்து நாலே வருடத்தில் கிழவர்கள் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள்.

இடம் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். குளிர்காலத்தில் வடக்கே பனி கொட்டும்போது, ஓய்வுபெற்றவர்கள் வந்து தங்கும் கடற்கரை ஊர். வெயிலுக்குப் பேர் போனது. சூரியன் முகம் காட்டாத நாளில் பத்திரிகை இலவசம் என்று உள்ளூர் நாளேடு ஒன்று 1910-ல் அறிவித்து, 1986-ல் மூடும்வரை அப்படியே செய்தது. நடைபாதை நெடுகிலும் பச்சை பெஞ்சுகள். மனை விற்கும் ஒருவர் தன் கடைவாசலில் போட்டு ஆரம்பித்த வழக்கம், ஊருக்கே அடையாளம் ஆகிவிட்டது. அஞ்சலட்டைப் படங்களில்கூட அந்த பெஞ்சுகளும் அவற்றில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும்தான். (அந்த பெஞ்சுகளில் கறுப்பர்கள் உட்காரக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். எல்லா ஊரின் இனிய பழங்கதையிலும் இப்படி ஒரு முள் இருக்கிறது.)

அந்த ஊரில் 1930-ல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், எவலின் ரிட்டன்ஹவுஸ் என்ற பெண்மணி ஒரு கிளப்பைத் தொடங்கினார். பெயர் 'முக்கால் நூற்றாண்டு சாஃப்ட்பால் கிளப்'. பெயரே நிபந்தனை. 75 வயது ஆகியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அணிகள் இரண்டு. ஒன்று 'கிட்ஸ்', மற்றது 'கப்ஸ்'. குழந்தைகளும் குட்டிகளும்! வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு 'போ' டை. கல்யாண ரிசப்ஷனுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு, விரிகுடாவை ஒட்டிய நார்த் ஷோர் பூங்காவில் ஆடினார்கள். எழுபது வயதுக்காரர் ஆசைப்பட்டு வந்தாலும் 'போய் இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க தம்பி' கதைதான். நூறு வயதைத் தாண்டியும் ஆடியவர்கள் அந்தக் கிளப்பில் உண்டு.

எனக்கு இதில் வருத்தம் ஒன்று. தொடங்கியவர் பெண். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒரு பெண்கூட ஆடவில்லை. எதெல் லேமன் என்ற பாட்டி உள்ளே நுழையும்போது இந்த நூற்றாண்டே பிறந்துவிட்டது.

பெஞ்சுகளின் கதைக்கு வருகிறேன். 1960-களில் நகராட்சிக்குக் கவலை வந்துவிட்டது. ஊர் கிழடு தட்டிப்போய்விட்டது, இளைஞர்கள் வரமாட்டேன் என்கிறார்கள், தெருவெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் யார் தொழில் தொடங்குவார்கள் என்று யோசித்து, பச்சை பெஞ்சுகளை அகற்றினார்கள். உட்கார இடமில்லாமல் செய்தால் பெரியவர்கள் கண்ணில் படமாட்டார்கள் என்று கணக்கு. உட்கார்ந்திருந்தவர்களைக் கிளப்பிவிட்டார்கள். ஆனால் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

மற்ற ஊர்களில் இது பரவ இன்னும் நாள் ஆனது. 1987-ல் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில், மோர்கன் என்ற தம்பதி, ஐம்பது தாண்டியவர்களுக்கென்று விளையாட்டு விழா ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று ஹன்ட்ஸ்மன் உலக மூத்தோர் விளையாட்டு என்று பெயர். வருடா வருடம் அக்டோபரில், செம்மண் நிறப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே நடக்கிறது. அங்கே பெரிய கூட்டம் சாஃப்ட்பாலுக்குத்தான், அணிகள் நூற்றுக்கணக்கில் வரும். அடுத்த வருடம், 1988-ல், சாக்ரமென்டோவைத் தலைமையிடமாகக் கொண்டு 'சீனியர் சாஃப்ட்பால் யுஎஸ்ஏ' வந்தது. அவர்கள் லாஸ் வேகஸில் நடத்தும் போட்டி வாரக்கணக்கில் நீளும்.

இந்தப் போட்டிகளின் விதிப் புத்தகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு எங்கெங்கே கைவிடும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதியது போலிருக்கும்.

முதல் தளத்தில் ஒன்றுக்கு இரண்டாக, வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பலகை. பந்தைப் பிடிக்கிறவர் வெள்ளையை மிதிப்பார், ஓடி வருகிறவர் ஆரஞ்சை. இரண்டு பேர் மோதிக்கொண்டு இடுப்பெலும்பு முறிய வேண்டாம் பாருங்கள். கடைசித் தளத்துக்கும் அப்படியே தனித்தனி இடம். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோடு. அதைத் தாண்டிவிட்டால் திரும்பி ஓட முடியாது, உங்களைத் தொட்டு அவுட் ஆக்கவும் முடியாது. ஒரு இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தால் போதும், மட்டையைக் கொடுத்துவிட வேண்டும். கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஒரு அணி அடித்துக்கொண்டே இருக்க, எதிரணி வெயிலில் காய்ந்துபோவது இதனால் நடக்காது.

அப்புறம் நம் பை ரன்னர். அடித்தவர் எப்படியாவது முதல் தளத்தைத் தொட்டுவிட்டால், அவருக்குப் பதில் அணியில் யார் வேண்டுமானாலும் மேற்கொண்டு ஓடலாம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவரா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரா என்று யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரே நிபந்தனை, ஒருவர் ஒரு இன்னிங்ஸில் ஒரு முறைதான் இப்படி ஓடலாம். இல்லாவிட்டால் கொஞ்சம் வேகமாக ஓடுகிற ஒருவரையே எல்லோரும் சேர்ந்து ஓட்டிக் கொன்றுவிடுவார்கள்.

சலுகை எல்லாம் நல்லதற்கே என்று சொல்லமாட்டேன். கையில் பலம் குறைந்தவர்களுக்காக, பந்து வேகமாகத் தெறிக்கும் மட்டைகளை அனுமதித்தார்கள். விளைவு, ஐம்பதடி தள்ளி நின்று பந்து போடும் தாத்தாவின் முகத்துக்கு ஆபத்து. இப்போது பலர் முகக்கவசம் மாட்டிக்கொண்டோ, தடுப்பு வலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோதான் பந்து போடுகிறார்கள்.

வயதுப் பிரிவு ஐந்தைந்து வருடமாகப் போகிறது. 60, 65, 70, 75 என்று. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் எழுபது முடிந்தால் எழுபது பிரிவு. இதில் ஒரு தமாஷ். 69 வயதுக்காரர் தன் பிரிவிலேயே கிழவர், பாவம், தடுமாறுவார். எழுபது ஆனதும் அடுத்த பிரிவில் அவர்தான் இளம் காளை. எல்லா அணியும் அவரைக் கூப்பிடும். பிறந்தநாள் எப்போது வரும் என்று பெரியவர்கள் காத்திருக்கும் இடத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியப்பா. பால் பேட்மின்டன் ஆட்டக்காரர். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, ஐந்து பேர் அணி. அலுவலகம் விட்டதும் நேரே மைதானம்தான். ரிட்டயரான மறு வருடம் ஆடும்போது கால் இடறி விழுந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, சுளுக்குதான். ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "இந்த வயசுல என்ன ஆட்டம்?" என்று ராக்கெட்டைப் பரணில் ஏற்றிவிட்டோம். நானும்தான் சொன்னேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேலாக அதே நாற்காலிதான்.

போன வாரம் பார்க்கப் போனபோது இந்தப் பை ரன்னர் விஷயத்தைச் சொன்னேன். காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ஏம்மா, இவருக்காக ஓடறாரே, அந்த ஆளுக்கு என்ன வயசு?"

"அவருக்கும் உங்க வயசுதான் இருக்கும் பெரியப்பா. எண்பது."

சிரித்தார். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஆற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கும்போது பரண் பக்கம் பார்த்தார்.

"அதுல கட் எல்லாம் அறுந்து போயிருக்கும்" என்றார்.