பிள்ளையை யாரை நம்பி ஒப்படைப்பது?

மாலை வேளையில் திருச்சி மாம்பழச்சாலையில் கால் மணி நேரம் நின்றால் போதும். மீசை அரும்பாத பையன்கள், முன்னால் தம்பியை நிறுத்திக்கொண்டு, அப்பாவின் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தை நோக்கிப் பறப்பதைப் பார்க்கலாம். ஒருநாள் யார் மீதாவது மோதிவிட்டால், "வண்டியை நான்தான் ஓட்டினேன் சார்" என்று அப்பா வந்து நிற்பார். அப்படிச் சொல்ல அவர் யோசிப்பதே இல்லை. அந்தப் பொய் அவரையும் காப்பாற்றுகிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டிய வண்டி குற்றத்தில் முடிந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வாகனப் பதிவு ரத்து.

இதே பொய்யைப் பணம் படைத்தவர்கள் ஆள் வைத்துச் சொல்கிறார்கள். 2024 மே 19 அதிகாலை, புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டுநரை மிரட்டிப் பழியை ஏற்கச் சொன்னார்கள், அரசு மருத்துவமனையில் மகனின் ரத்தத்துக்குப் பதிலாகத் தாயின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. தந்தை, தாய், தாத்தா என ஒரு குடும்பமே கைதானது.

பெற்றோர் மறைப்பார்களா என்றால், பெரும்பாலும் மறைப்பார்கள். திருவாரூர்த் தேர்க்காலில் கன்று மாண்ட கதையை நாம் எப்போதும் மனுநீதிச் சோழன் பக்கமிருந்தே சொல்கிறோம். பெரியபுராணத்தில் சேக்கிழார், தேரில் வந்த மகனின் மனதையும் காட்டுகிறார். தந்தைக்குத் தெரியும் முன் அந்தணர்களிடம் கேட்டுக் கழுவாய் தேடிவிடலாம் என்றுதான் அவன் புறப்படுகிறான். செய்த தவறைவிட அப்பாவின் முகம் அவனை அதிகம் அச்சுறுத்துகிறது. அமைச்சர்களும் கழுவாய் போதும் என்கிறார்கள். ஊரே மறைக்கத் தயாராக இருந்த இடத்தில் ஒருவன் மட்டும் மறுத்தான். அவன் பெற்ற பிள்ளைமேல் தேரை ஏற்றினான். நமக்கு அந்த நீதி வேண்டாம். எந்தத் தகப்பனிடமும் அதைக் கேட்கவும் கூடாது.

இன்றைய சட்டம் கேட்பது அதுவல்ல. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றமே ஆகாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. சிறுவர்களுக்கான இல்லத்தில் வைப்பதும் அதிகபட்சம் மூன்றாண்டுதான். 16 வயது கடந்தவர் செய்த கொடுங்குற்றத்துக்கு மட்டுமே வேறு வழி. அதையும் குழுமம் ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய முடியும். இவ்வளவும் நம் தெருப் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது ஸ்டேஷன், லத்தி, "உன் பையன் வாழ்க்கை முடிஞ்சுபோச்சு" என்ற ஒரு வார்த்தை.

இன்னொரு முரணும் இருக்கிறது. குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது குற்றம். கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ தந்தால் மட்டும் விலக்கு. தாய்க்கு அந்த விலக்கு இல்லை. மனைவியிடம் கேட்காததைத் தாயிடம் கேட்கிற சட்டம், அவள் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டில் அப்படியொரு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாக அவன்மேல் வழக்கு. அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்த ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட எந்தத் தாய் தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவாள்? இந்த இல்லங்களைச் சீர்படுத்த ஆலோசனை சொல்ல அரசு நியமித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்.

பணத்தால் மறைப்பவருக்கு நாம் பரிந்து பேசவில்லை. பயத்தால் மறைப்பவரைத் தண்டிக்கும் தகுதி, பயத்தைப் போக்காத அரசுக்கு இல்லை என்கிறோம். இரண்டு வீட்டிலும் பாதிக்கப்படுவது பிள்ளைதான். மறைத்துவிட்டால், இறந்தவர் வீட்டாரிடம் போய் மன்னிப்புக் கேட்கும் வழியும் அவனுக்கு அடைபடுகிறது.

திருச்சியிலும் இத்தகைய சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லம் இருக்கிறது, இளைஞர் நீதிக் குழுமமும் இருக்கிறது. நடுவருடன் சமூகப் பணியாளர் இருவர் அதில் உட்கார வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கல்வியிலோ உடல்நலத்திலோ நலப்பணியிலோ ஏழாண்டு உழைத்தவர் விண்ணப்பிக்கலாம். அத்தகைய ஆசிரியர்கள் இந்த இதழின் வாசகர்களில் பலர் உண்டு. அடுத்த அறிவிப்பு வரும்போது அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்.