ஆணியும் அரிவாளும்

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் அதன்மேல் செம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். மதிப்பெண் வாங்கியதும் இச்சோதனையை மறந்துவிடலாமா? கூடாது என்பேன்.

1882-இல் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், திராட்சைத் திருட்டைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அக்கொடிகளைப் பூஞ்சை நோய் தாக்காததைக் கண்டார் பேராசிரியர் மில்லார்தே. 1885-இல் அவர் வெளியிட்ட போர்டோக் கலவை இன்று நம் வெற்றிலைக் கொடிக்கால்களையும் காக்கிறது.

ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் வேண்டும். நம் அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுட்ட சுண்ணாம்பு நாள்பட்டுக் காற்றில் கிடந்தால் கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடையும், வலுவிழக்கும். அப்போது செம்பு அயனிகள் மிஞ்சி இலைகளைக் கருக்கிவிடும்.

இதை அறிய விலையுயர்ந்த கருவி எதற்கு? தீட்டிய அரிவாளைக் கலவையில் சற்று நேரம் நனையுங்கள். செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். உங்கள் ஆணிச் சோதனையேதான் இது!

மண்ணில் சேரும் செம்பு மட்கி மறைவதில்லை. அளவு மீறாதிருப்பதும் கடமை. பள்ளிதோறும் இச்சோதனையை வயலுக்கே சென்று செய்துகாட்ட வேண்டும். பாடம் பயிரைக் காக்கட்டும்.