கோழிக்கோட்டில் நாம் திருவனந்தபுரத்துக்காரர்கள்

கேரள அரசின் ஏடுகளில் நமக்கு ஒரு பெயர் உண்டு. 'அதிதித் தொழிலாளி' என்பது அந்தப் பெயர். விருந்தாளியாக வந்த தொழிலாளி என்று பொருள். 'அன்னியன்' என்பதைவிட இது மரியாதையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை மரியாதை செய்தாலும் விருந்தாளி வீட்டுக்காரன் ஆவதில்லை. கரமனையிலும் கிள்ளிப்பாலத்திலும் சாலைக் கடைத்தெருவிலும் மூட்டை சுமந்தும், கல்லும் மணலும் சுமந்தும், இஸ்திரி போட்டும், இட்லிக் கடை நடத்தியும் முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நம் பிள்ளைகள் தமிழைவிட மலையாளத்தை வேகமாகப் படிக்கிறார்கள். ஆனாலும் 'எப்போது ஊருக்குப் போகிறாய்?' என்ற கேள்வி நம்மை விட்டபாடில்லை. கோபம் வந்துவிட்டால் 'பாண்டி' என்று கூப்பிடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் பந்தாட்டத்தைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அவசியம் உண்டு, தோழர்களே. நம்மை 'திருவனந்தபுரத்துக்காரன்' என்று ஒருவர் மனதாரக் கூப்பிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது திருவனந்தபுரத்தில் இல்லை. நம் நகரத்து அணியோடு நாம் வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகிறோமே, அங்கேதான் இருக்கிறது. உள்ளூரில் கிடைக்காத உள்ளூர்ப் பெயர் வெளியூரில் கிடைக்கிறது. அந்தப் பெயரைப் பெறுவதற்கு நமக்கு வேண்டியது ஒரு முழு நாள் ஓய்வு. அந்த ஒரு நாள்தான் நம் கையில் இல்லை.

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'சூப்பர் லீக் கேரளா' என்ற போட்டி தொடங்கியது. தேசிய அளவிலான பெரிய லீக் அல்ல இது, மாநில அளவில் ஆறு அணிகள் ஆடுகிற போட்டி. நம் நகரத்துக்கு 'திருவனந்தபுரம் கொம்பன்ஸ்' என்று ஓர் அணி அமைந்தது. பாளையத்துச் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம்தான் அதன் சொந்தக் களம். கரமனையிலிருந்து நடந்தே போய்விடலாம். வேலை முடிந்து, கை கால் கழுவிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஆட்டம் பார்த்த குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. அணி அரையிறுதிக்கு வந்தபோது ஆட்டம் கோழிக்கோட்டுக்குப் போயிற்று. நவம்பர் 5-ஆம் தேதி, கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியம், எதிரணி கோழிக்கோட்டின் காலிகட் எஃப்.சி.

எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் போனோம். சுமார் 400 கிலோமீட்டர் தூரம், முன்பதிவில்லாப் பெட்டி. ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டும், எங்களில் ஒருவர் கழுத்தில் கிடந்த கொம்பன்ஸ் துண்டைப் பார்த்த கடைக்காரர், 'திருவனந்தபுரமா?' என்றுதான் கேட்டார். எங்களோடு வந்த அண்ணாச்சி தென்காசிப் பக்கம் பிறந்தவர், சாலையில் மூட்டை தூக்கித் தோள் காய்த்தவர். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, 'ஆமாம், திருவனந்தபுரம்' என்றார். 'அப்படியானால் இன்றைக்கு அழுதுகொண்டேதான் வண்டி ஏறுவீர்கள்' என்று கடைக்காரர் மலையாளத்தில் கேலி செய்தார். எதிரணி ஆள் என்று நினைத்துச் சொன்ன கேலிதான் அது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் யாரும் அண்ணாச்சிக்குக் கொடுக்காத ஊர்ப்பெயரை அந்தக் கேலி கொடுத்துவிட்டது.

ஆட்டத்தில் முதல் கோல் நம் அணியுடையது. பிறகு காலிகட் இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றது. கடைக்காரர் சொன்னது பலித்துவிட்டது. அந்த அணியே ஐந்து நாளில் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. அது ஆட்டம், அதில் வருத்தமில்லை. நான் சொல்ல வருவது வேறு.

கொம்பன்ஸ் அணியில் ஆடியவர்கள் யார் யார் என்று பாருங்கள். பிரேசிலிலிருந்து வந்தவர்கள் பலர், பயிற்சியாளரும் பிரேசில்காரர். ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம், சம்பளம், தங்க இடம், பருவம் முடிந்தால் அடுத்த ஊர். வேலை தேடிக் கடல் தாண்டி வந்த தொழிலாளிகள்தானே அவர்களும்? அவர்கள் காலில் பந்து பட்டதும் ஸ்டேடியம் முழுக்க 'நம்ம ஆள்' என்று எழுந்து நிற்கிறது. நல்ல வழக்கம், வாழ்க! ஆனால் மூன்று மாதம் ஆட வந்தவன் நம்ம ஆள் ஆக முடியுமானால், அந்த நகரத்தின் வீடுகளுக்கு முப்பது ஆண்டு கல் சுமந்தவள் ஏன் ஆக முடியாது? இதைக் கேட்பதற்கு மேடை வேண்டாம், மனு வேண்டாம். அணியின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேடியத்தில் ஓர் இருக்கையில் உட்கார்ந்தாலே போதும், கேட்டதாகிவிடும்.

ஆனால் அந்த இருக்கைக்குப் போய்ச் சேருவதில்தான் சங்கடம். 2024 நவம்பர் 5 என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை. அக்டோபர் 31-ஆம் தேதி தீபாவளி. நம்மவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போய், துணிமணிக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிய வாரம் அது. அந்த வாரத்தின் நடுவில், வேலை நாளில், இரவு ஆட்டம். போன ஐந்து பேருக்கும் செவ்வாய்க்கிழமைக் கூலி போயிற்று. இரவு வண்டியில் நின்றபடியே வந்து இறங்கியதால் மூன்று பேருக்குப் புதன்கிழமைக் கூலியும் போயிற்று. ஒருவருக்கு மேஸ்திரியிடம் வசவு மிச்சம். வருகிறேன் என்று சொன்ன பத்துப் பதினைந்து பேர் கடைசி நேரத்தில் நின்றுவிட்டதற்கு ஆசைக் குறைவு காரணமல்ல. கூலிதான் காரணம்.

தொழிலாளி ஆட்டம் பார்க்கும் நாளை யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்வி பந்தாட்டத்தின் வயதே உள்ள கேள்வி. இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களையும் இளம் வயதினரையும் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் கிளம்பிவிட்டால் இயந்திரமும் நின்றது, ஆண்களுக்கும் அரை நாள் கிடைத்தது. சனிக்கிழமை பிற்பகல் பந்தாட்டம் பிறந்தது இந்த அரை நாளிலிருந்துதான். பின்னாளில் ஆலை ஊர்க்காரர்கள் தங்கள் அணியோடு ரயில் ஏறி வெளியூர் போகத் தொடங்கியதும் இந்த அரை நாளில்தான். 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி லண்டனுக்குப் போய், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களான சீமான் வீட்டுப் பிள்ளைகளை 2-1 என்று வென்று இங்கிலாந்தின் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த அணியில் நெசவாளி இருந்தார், நூற்பாளி இருந்தார், குழாய் வேலைக்காரர் இருந்தார். கனவான்கள் கையிலிருந்த ஆட்டம் தொழிலாளி கைக்கு மாறிய நாள் அது. நம் நாட்டிலும் அப்படியே. 1911 ஜூலை 29-இல் மோகன் பகான் அணி கல்கத்தாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை வென்றபோது, வங்காளத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் ரயிலிலும் நீராவிப் படகிலும் வந்து குவிந்தார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமைதான்.

'கூலி உயர்வைப் பேசு, குடியிருக்கும் அறையின் வாடகையைப் பேசு, பந்தையும் பயணத்தையும் ஏன் பேசுகிறாய்?' என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் கடிந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பணிவோடு ஒன்று சொல்வேன். 1886-இல் சிகாகோத் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலைக்காக நின்றார்கள். 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் நம் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அந்தப் போராட்டத்தின் கணக்கு என்ன? எட்டு மணி வேலைக்கு, எட்டு மணி உறக்கத்துக்கு, மீதி எட்டு மணி தொழிலாளியின் இஷ்டத்துக்கு. முதல் எட்டுக்காக நாம் கூலி கேட்கிறோம். இரண்டாவது எட்டுக்காக அறை கேட்கிறோம். மூன்றாவது எட்டை மட்டும் கேட்பதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் நாம் தோளும் கையும் மட்டுமே. ஓய்வு நாளில்தான் மனிதன் தகப்பனாக, தாயாக, ரசிகனாக, ஊர்க்காரனாக இருக்கிறான்.

'மலையாளத்தான் அணிக்கு நாம் ஏன் கத்த வேண்டும்?' என்பது இன்னொரு மறுப்பு. கரமனையில் நின்றுகொண்டு இதைக் கேட்பது பொருந்தாது. நீலகண்ட சிவன் தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய ஊர் இது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிச் சீமையும் இந்த நகரமும் ஒரே ராஜ்யமாக இருந்தன. தமிழ்நாட்டு அணி ஆடும்போது தமிழ்நாட்டுக்குக் கை தட்டுவோம், யார் தடுத்தார்கள்? ஆனால் நாம் தினமும் தண்ணீர் குடிக்கிற ஊருக்கு ஓர் அணி இருந்தால் அதற்கும் கை தட்டுவோம். இரண்டு ஊர் உள்ளவனுக்கு இரண்டு அணி இருப்பதில் துரோகம் ஒன்றுமில்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறுத் தகராறு முற்றியபோது இடுக்கியின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிவந்ததை நாம் மறக்கவில்லை. பகை மூண்டால் முதல் அடி நம் முதுகில்தான் விழும். அன்றைக்கு நமக்காகப் பேச வேண்டியவர் நம் பக்கத்து இருக்கைக்காரர். அவரோடு ஒரே கொடிக்குக் கீழே இருந்து கத்திய பழக்கம் வீண்போகாது.

வெளியூர் ரசிகனின் உரிமைக்காகப் போராடி வென்றவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் திங்கட்கிழமை ஆட்டம் வைத்தபோது, 'மறுநாள் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்?' என்று ரசிகர்கள் அரங்கத்திலேயே எதிர்ப்புக் காட்டினார்கள். அந்நாட்டின் முதல் லீக்கில் 2021-22 பருவத்திலிருந்து திங்கட்கிழமை ஆட்டம் எடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் வெளியூர் ரசிகர்கள் இயக்கம் நடத்தியதன் பேரில், பிரிமியர் லீக்கில் அவர்களுக்கான டிக்கெட் 30 பவுனுக்கு மேல் போகக் கூடாது என்று 2016-17 முதல் வரம்பு வைத்தார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? கோழிக்கோட்டையே பாருங்கள். அங்கே மிட்டாய்த் தெருவின் கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த பெண்கள், 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, உட்காரும் உரிமை கேட்டார்கள். 'உட்காருவதற்கும் ஒரு போராட்டமா?' என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. 2018-இல் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டமே திருத்தப்பட்டு, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றாயிற்று. அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டம், கடைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு என்றும் சொல்கிறது. நம் கடைப் பையன்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் முழுசாகக் கிடைக்கிறது? கட்டட வேலையில் நாட்கூலிக்கு நிற்பவருக்கோ விடுமுறை என்றால் பட்டினி என்றே அர்த்தம். வேலை செய்யும் இடத்தில் உட்கார இருக்கை கேட்டவர்கள் வென்றார்கள். ஓய்வு நாளில் உட்கார இருக்கை கேட்பது நம் முறை.

ஆகவே சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன். அரையிறுதி, இறுதி போன்ற ஆட்டங்களைச் சனி, ஞாயிறுகளில் வைக்கும்படியும், வெளியூர் ரசிகர்களுக்குக் குறைந்த விலையில் தனிப் பகுதி ஒதுக்கும்படியும் போட்டி நடத்துகிறவர்களுக்கு நாம் எழுத வேண்டும். நகரத்திலுள்ள மலையாள ரசிகர்களின் கையெழுத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், அவர்களுக்கும் இதே கஷ்டம்தான். வாரவிடுமுறை தராத கடைகளைப் பற்றித் தொழில் துறையிடம் சங்கத்தின் பெயரிலேயே முறையிட வேண்டும். தனி ஆளாகப் போகிற பையனுக்கு மறுநாள் வேலை இருக்காது.

மூன்றாவது, நாமே செய்யக்கூடியது. வாரம் 20 ரூபாய் வீதம் ஒரு பயணச் சீட்டு தொடங்குவோம். நம் பெண்களுக்குச் சீட்டுப் பிடிப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் பயணம் எர்ணாகுளமாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போய் இரவே திரும்பிவிடக்கூடிய தூரம். ஆண்கள் மட்டும் போகிற பயணமாக அது இருக்கக் கூடாது. சித்தாள் வேலை செய்யும் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைப்பதும் அரிசி புடைப்பதும் காத்திருக்கின்றன. அவருக்கும் அந்த ஒரு நாள் ஓய்வாக வேண்டுமென்றால், முந்தின நாளே அந்த வேலைகளில் பாதியை வீட்டு ஆண்கள் செய்துவிட வேண்டும். அணிக்காகத் தொண்டை கட்டக் கத்துகிறவனுக்கு இரண்டு வாளித் துணி பெரிதல்ல.

தோழர்களே! தாய்மார்களே! அடுத்த பருவம் வரும். நம் நகரத்து அணி வடக்கே போகும். அன்றைக்கு எர்ணாகுளம் மேடையில் வண்டி நிற்கும்போது, கரமனையிலிருந்தும் கிள்ளிப்பாலத்திலிருந்தும் நூறு பேராவது குடும்பத்தோடு இறங்க வேண்டும். 'எந்த ஊர்?' என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்லட்டும்.