கோல்ப் மட்டைக்குப் புளியும் சாம்பலும் ஆகாது

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி மணி அடித்து முடித்த நேரம். என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய நீளமான பொருள் ஒன்று.

"டீச்சர், இதை எப்படித் தேய்க்கிறது? சொல்லிக் கொடுங்க" என்றார்.

பிரித்துப் பார்த்தால் கோல்ப் மட்டை! வாரநாளில் இங்கே கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் கோல்ப் திடலில் எடுபிடி வேலை. ஆடுகிறவர்கள் சிலர் மட்டைகளை அவரிடம் கொடுத்து, வீட்டில் கழுவித் தரச் சொல்கிறார்களாம். கைக்கு நாலு வெள்ளி கிடைக்கிறது.

எனக்குக் கோல்ப் ஆடத் தெரியாது. மட்டை கழுவத் தெரியும். அதைக் கற்றுக்கொண்ட விதம்தான் நல்ல விதமல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத் தோட்டத்தில் பால்வெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கேடி வேலை. (பயந்துவிடாதீர்கள்! ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர்.) ஒருநாள் சாயங்காலம் ஒரு துரையின் மட்டைப் பையை வீட்டுக்கே கொண்டுவந்தார். காலையில் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும். அம்மா, "நான் பார்த்துக்கிறேன், நீங்க படுங்க" என்றார். கார்த்திகைக்குக் குத்துவிளக்கு விளக்குவது போல, புளியும் சாம்பலும் போட்டு, இரும்பு நாரால் ஒவ்வொன்றையும் விளக்கினார். மரத்தலை வைத்த மட்டைகள் மூன்று இருந்தன. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போட்டார்.

விடிந்து பார்த்தால் மரம் உப்பி, வார்னிஷ் உரிந்து, கழுத்தில் சுற்றிய நூல் பிரிந்து கிடந்தது. இரும்புத் தலைகளில் பூனை பிறாண்டியது போலக் கீறல்கள். துரை சத்தம் போடவில்லை. அந்த நஷ்டம் தீரும்வரை அப்பா கூலியில்லாமல் பை சுமந்தார். அந்த ஆண்டு எனக்குப் புதுக் காலணி கிடையாது. அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

தாய்மார்களே, பித்தளைக் குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளைதான். எவ்வளவு தேய்த்தாலும் அடியில் பித்தளையே வரும். கோல்ப் இரும்பு அப்படியல்ல. பலவற்றுக்கு மேலே இருப்பது மெல்லிய குரோமியத் தோல். அதைச் சுரண்டிவிட்டால் உள்ளே இருக்கும் எஃகு வெளியே வந்து துருப்பிடிக்கும். அந்தக் காலத்தில் இரும்புத் தலைகளுக்குப் பூச்சே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் கேடிகள் உப்புத்தாளால் தேய்த்தார்கள். இன்றைய மட்டைக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. இரும்புத் தலை மட்டும் முங்கினால் போதும். தண்டு தலையோடு சேரும் இடம் நனைய வேண்டாம். தலையை ஒட்டவைத்திருப்பது பசை. கொதிநீர் பட்டால் அது இளகும். (வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டைகளைப் போட்டு வைத்தாலும் இதே ஆபத்துதான்.) ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முகத்திலுள்ள கோடுகளைத் தேயுங்கள். அந்தக் கோடுகள் அழகுக்கு வெட்டியவை அல்ல. லாரி டயரின் பள்ளம் மழைநீரை வெளியேற்றுவது போல, அவை ஈரத்தையும் புல்சாற்றையும் ஒதுக்கிப் பந்தைச் சுழலச் செய்கின்றன. மண் அடைத்துக்கொண்டால் பந்து வழுக்கும். காய்ந்த மண்ணுக்குத் தென்னை ஈர்க்குச்சி போதும். ஆணியும் கத்தியும் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துவிடுங்கள். தைப்பிங் மழை நமக்குத் தெரியாததா! ஈரத்தோடு பைக்குள் போட்டால் துரு காத்திருக்கும். பையின் வாயையும் ஓர் இரவு திறந்தே வையுங்கள்.

மரத்தலையும், சாயம் பூசிய பெரிய தலையும் தண்ணீரில் முங்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாலிஷ் போட ஆசையிருந்தால், காருக்குப் போடும் குரோமியப் பாலிஷைத் துணியில் துளி தொட்டு, இரும்புத் தலையின் பின்புறம் மட்டும் துடையுங்கள். கறுப்பு நிற மட்டையில் அதுவும் வேண்டாம்.

இனி கைப்பிடி. ரப்பர் கைப்பிடியைப்பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ரப்பருக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் வெயிலும் எதிரி. சோப்புத்துணியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள்.

ரப்பர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆட்டத்தின் பந்துக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 1848 வாக்கில், இறகு திணித்த தோல்பந்துக்குப் பதிலாக வந்தது கட்டாபெர்ச்சா பந்து. அந்தப் பால் மலாயாக் காட்டு மரங்களில் எடுத்தது. 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லே அந்தப் பெயரில் இருக்கிறது. பிறகு அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை உள்ளே சுற்றிப் பந்து செய்து, 1899-ல் காப்புரிமை பெற்றார். ஆடியவர்கள் யாரோ! ஆனாலும் நம்மவர் பெயரும் இந்த ஆட்டத்தில் உண்டு. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் இருவரும் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் எடுத்தவர்கள்.

சனிக்கிழமை அந்தத் தகப்பனாரும் அவர் மனைவியும் என் வீட்டுக்கே வந்தார்கள். பின்கட்டில் வாளி வைத்துச் செய்து காட்டினேன். அந்தப் பெண் பழக்கத்தில் இரும்பு நாரைக் கையில் எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "அதைக் கீழே வை தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்த் தம் பழைய சேலை ஒன்றைக் கிழித்து, துடைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தார்.

கூலிக்குக் கழுவுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. விதிப்படி ஒருவர் ஆட்டத்துக்கு 14 மட்டை வரைதான் கொண்டுபோகலாம். அதற்குக் குறைவாகவும் இருக்கும். பையை வாங்கும்போதே எண்ணுங்கள். கீறல், துரு முன்பே இருந்தால் உடையவரிடம் அப்போதே காட்டி, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போதும் அவர் முன்னாலேயே எண்ணிக் கொடுங்கள்.