எந்தச் சட்டை என்று யார் சொல்வது?

‘சொந்தக் காலில் நிற்கணும்’ என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வேலை, சம்பளம், யாரிடமும் கையேந்தாத வாழ்க்கை எல்லாம் அதற்குள் வந்துவிடும். கழுத்துக்குக் கீழே இரண்டு கைவிரல்கள், சில கால்விரல்கள் தவிர எதையும் அசைக்க முடியாத ஒருவர் சொந்தக் காலில் நிற்க முடியுமா? நின்றார். அவர் பெயர் எட் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துக்காரர்.

1953-ல், 14 வயதில் போலியோ தாக்கியது. மூச்சு விடுவதற்கே ‘இரும்பு நுரையீரல்’ தேவைப்பட்டது. ஆளை உள்ளே படுக்கவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, காற்றழுத்தத்தை மாற்றி மாற்றி மூச்சை இழுத்துவிடும் பெரிய இரும்பு உருளை அது. பிழைத்தாலும் காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்று அம்மா ஜோனாவிடம் டாக்டர் சொன்னார். பின்னாளில் எட் இதைச் சொல்லிச் சிரிப்பார். காய்கறிதான் என்றால் ஆர்ட்டிசோக்காக இருந்துவிட்டுப் போகிறேன் என்பார். வெளியே முள், உள்ளே இளகிய நெஞ்சு. நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் பலாப்பழம் என்றிருப்பார்!

ஆனால், அந்த நாள்களில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட மறுத்து, உயிரை விட்டுவிடவே நினைத்தார். எலும்பும் தோலுமாக இளைத்தார். கூடவே இருந்து ஊட்டிவிடப் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுப் போன பிறகுதான், சாப்பிடுவதா வேண்டாமா என்பது தன் கையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. சாப்பிடத் தொடங்கினார்.

பள்ளிக்கூடப் படிப்பை வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகவே பெரும்பாலும் முடித்தார். உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை என்று சொல்லி, சான்றிதழ் தர மறுத்தது பள்ளி. ஜோனா விடவில்லை, மேலிடம் வரை போய்ச் சண்டை போட்டு வாங்கினார். அடுத்த தடை, மாநில மறுவாழ்வுத் துறை. இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது, படிக்கவைத்து என்ன பயன் என்று உதவித்தொகைக்குக் கை விரித்தது. அதையும் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 800 பவுண்டு, அதாவது சுமார் 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை எந்த விடுதி அறையில் வைப்பது? கடைசியில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை தந்தார்கள். அவரைப் பார்த்து அவரைப் போன்ற மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சக்கர நாற்காலிக் கூட்டம் தனக்கு ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. இரவெல்லாம் பேசினார்கள். படிப்பு முடிந்த பிறகு எங்கே போவது? மறுபடி அம்மாவிடமா, இல்லை ஏதாவது ஒரு விடுதிக்கா?

அந்தப் பேச்சிலிருந்து 1970-ல் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர்களுக்கான உதவித் திட்டமும், 1972-ல் ஊர் மக்கள் எல்லோருக்குமாக ‘சுதந்திர வாழ்வு மைய’மும் பிறந்தன. சில காலத்தில் எட் அதன் இயக்குநரானார்.

அந்த மையம் விடுதி அல்ல. அங்கே ஒரு கட்டில்கூடக் கிடையாது. அங்கே இருந்தவை வேறு. குளிப்பாட்ட, உடை மாற்ற, சமைத்துத் தர வரக்கூடிய உதவியாளர்களின் பட்டியல். படிக்கட்டு இல்லாத வாடகை வீடுகளின் பட்டியல். நாற்காலி நின்றுபோனால் சரிசெய்ய ஒரு பட்டறை. நாற்காலி கெட்டுப்போய் நாலு நாள் வீட்டுக்குள் முடங்கிய யாருக்கும் அந்தப் பட்டறையின் அருமை புரியும். அரசு உதவிக்கு மனு எழுதித் தரவும் ஆள் இருந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, நேற்று முதுகெலும்பு முறிந்தவரிடம் உட்கார்ந்து பேச, பல வருடங்களாக அதே நிலையில் வாழ்ந்துகாட்டிய இன்னொருவர் இருந்தார். டாக்டரால் சொல்ல முடியாத பல விஷயங்களை அவரால் சொல்ல முடியும்.

உதவியாளர் விஷயத்தில்தான் பெரிய மாற்றம். கலிஃபோர்னியாவில் உதவியாளரின் சம்பளத்துக்கு அரசு பணம் தருகிறது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவது எல்லாம் நாற்காலியில் இருப்பவர். அவர் நோயாளி அல்ல, முதலாளி. இந்த இயக்கத்தில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: யார் உதவியும் இல்லாமல் 2 மணி நேரம் போராடி உடுத்திக்கொண்டு, களைத்துப்போய் வீட்டிலேயே கிடப்பவரைவிட, இன்னொருவர் கையால் 15 நிமிடத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறவர்தான் சுதந்திரமானவர். சட்டையை யார் போட்டுவிடுகிறார்கள் என்பதைவிட, எந்தச் சட்டை என்று யார் சொல்கிறார்கள் என்பதே கேள்வி.

எட்டின் காதல் கதையும் இங்கே சேரும். மோட்டார் நாற்காலி அவருக்குச் சரிவராது என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். ஒரு பெண்ணைக் காதலித்தார். பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளும் ஆளை வைத்துக்கொண்டு காதலைப் பேச முடியுமா? விரலால் முன்னே தள்ள வலு இல்லை, இழுக்க முடியும். கட்டுப்பாட்டுக் குமிழைத் திருப்பிப் பொருத்தினார்கள். சுவரில் முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். பிறகு கல்யாணம் செய்து, ஒரு மகனுக்கு அப்பாவும் ஆனார்.

1975-ல் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை ஒரு துறைக்கு இயக்குநராக நியமித்தார். எந்தத் துறை தெரியுமா? இவரால் வேலை பார்க்க முடியாது என்று கை விரித்த அதே மறுவாழ்வுத் துறை. 1995-ல், 56 வயதில் இறக்கும்வரை உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஜோனா? பிள்ளையைப் பராமரிப்பதிலிருந்து விடுபட்டு, தானும் பெர்க்லியிலேயே படித்தார். அந்த மாணவர் திட்டத்திலும் மையத்திலும் ஆலோசகராக வேலை பார்த்தார்.

‘எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?’ நம் வீடுகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பெற்ற அம்மாக்களைத் தூங்கவிடாத கேள்வி இது. அண்ணன், தம்பி, மன்னி என்று விடை தேடுகிறோம்; இல்லாவிட்டால் இல்லம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று நம் சட்டமும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 5-ஆம் பிரிவு, சமுதாயத்தில் எல்லோருடனும் சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது.

உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில், ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்கள் வந்திருக்கின்றன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றை வீட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரும் நல்ல ஏற்பாடு. சிகிச்சை வந்துவிட்டது, காலையில் வந்து எழுப்பி உட்காரவைக்கும் உதவியாளரும் அதே போல வர வேண்டும். அடையாள அட்டைக்கோ உதவித்தொகைக்கோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகிறவர்கள், 5-ஆம் பிரிவைச் சொல்லி, உதவியாளருக்கு என்ன வழி இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். அந்த மனுவில் என்ன கேட்க வேண்டும் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.