வாடகை வீட்டில் இருந்த அப்போஸ்தலனும் ஐந்து வாரக் காத்திருப்பும்



அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் பவுலின் பிரசங்கத்தையே கவனிக்கிறோம். அவர் ரோமாபுரியில் இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்தார் என்று 30-ஆம் வசனம் தரும் செய்தியை விரைந்து கடந்துவிடுகிறோம். காவலில் இருந்த ஒரு மனிதர், நினைத்த இடத்துக்குப் போய் உழைக்க முடியாத நிலையில், வீட்டு வாடகை செலுத்த வேண்டியிருந்தது. பிலிப்பியருக்கு எழுதின நிருபம் ரோமாபுரியிலிருந்து எழுதப்பட்டது என்னும் மரபை ஏற்றுக்கொண்டால், எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவியில் ஒரு பகுதி அந்த வாடகைக்கும் போயிருக்கும் என்று எண்ணுவதில் பிழையில்லை. வாடகை ஓர் உலகக் காரியம், அதைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் பேசலாகாது என்று கருதுவோர் இந்த வசனத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் வாழும் நம் விசுவாசிகளுள் பலர் இந்நாட்களில் டி.டபிள்யூ.பி. என்று நாம் அழைக்கும் அரசுத் துறையிடமிருந்து ஒரு கடிதம் பெறுகின்றனர். பழைய ஆறு உதவித்தொகைகளை நிறுத்தி, அவற்றின் இடத்தில் யூனிவர்சல் கிரெடிட் என்னும் ஒரே தொகையைக் கொடுக்கும் திட்டம் 2013-இல் தொடங்கியது. டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5-ஆம் தேதியோடு முற்றிலும் நின்றது. ஹவுசிங் பெனிஃபிட் பெற்றுவந்த வேலை செய்யும் வயதினரில் பெரும்பாலோரும் இந்த மாற்றத்துக்கு உட்பட்டவர்களே. கடிதத்தில் குறித்த நாளுக்குள் நாமே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 3 மாத அவகாசம் உண்டு. தானாக எதுவும் மாறாது. நாள் தவறினால் பழைய தொகை நின்றுபோகும். புதிய தொகை பழையதைவிடக் குறைவாக இருக்கும்போது அந்தக் குறையை ஈடுசெய்யும் பாதுகாப்பையும் இழக்க நேரிடும்.

இந்த மாற்றத்தில் மிகப் பெரிய இடறல் வாடகையே. கவுன்சில் வீட்டில் இருப்போருக்கு ஹவுசிங் பெனிஃபிட் பெரும்பாலும் நேரே வாடகைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பணத்தை நம் கண் பார்க்கவே இல்லை. யூனிவர்சல் கிரெடிட்டிலோ உணவு, பிள்ளைகள், வாடகை எல்லாவற்றுக்குமான பணம் ஒரே தொகையாக, மாதத்துக்கு ஒருமுறை, நம் வங்கிக் கணக்கில் வந்து விழும். அதிலிருந்து வாடகையை எடுத்துச் செலுத்துவது நம் பொறுப்பு. அந்த நாளில் கணக்கில் தெரியும் தொகையைக் கண்டு, கையில் பணம் இருக்கிறதே என்று நினைப்பது மனித இயல்பு.

அதோடு, விண்ணப்பித்த நாள்முதல் முதல் தொகை வருவதற்கு ஏறக்குறைய 5 வாரங்கள் ஆகும். ஒரு மாதக் கணக்கீடு முடிந்தபின், பணம் வந்துசேர மேலும் ஒரு வாரம். 2018-க்கு முன் இது 6 வாரமாக இருந்தது. உபாகமம் 24-ஆம் அதிகாரம் கூலிக்காரனைப் பற்றிச் சொல்வதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவன் ஏழையாயிருக்கிறபடியால் பொழுது போகுமுன்னே அவனுடைய கூலியைக் கொடுத்துவிடும்படி தேவன் கட்டளையிட்டார். மாதச் சம்பளத்தை வாங்கி, சேமிப்போடு வாழ்பவர்களை மனத்தில் வைத்தே இந்த ஐந்து வாரம் வகுக்கப்பட்டது என்பது என் கருத்து. பராமரிப்பு இல்லத்திலும் பெட்ரோல் நிலையத்திலும் வாரக் கூலிக்கு உழைக்கும் நம் மக்களுக்கு ஐந்து வாரம் நெடுங்காலம். ஆறு படிவங்களை ஒன்றாக்கியது நல்ல நோக்கமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூரியன் முப்பத்தைந்து முறை அஸ்தமிக்கும்வரை ஏழையைக் காத்திருக்க வைப்பதை வேதம் நியாயப்படுத்தாது என்றும் சொல்வேன்.

இந்தக் காலத்தைக் கடப்பதற்குச் சில வாய்க்கால்கள் உண்டு. ஹவுசிங் பெனிஃபிட் நின்றபின்னும் இரண்டு வார வாடகை உதவி தொடர்ந்து கிடைக்கும். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. முதல் மாதத் தொகையை முன்பணமாகக் கேட்கலாம், வட்டியில்லை. ஆயினும் அது கடனே. 24 மாதங்கள் வரை மாதந்தோறும் பிடித்துக்கொள்வார்கள் என்பதை அறிந்தே கேளுங்கள். வாடகையைக் கையாள்வது கடினம் என்று உணர்ந்தால், அல்லது நிலுவை சேர்ந்துவிட்டால், வாடகைப் பகுதியை நேரே வீட்டு உரிமையாளருக்கே அனுப்பும்படி வேண்டலாம். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. கவுன்சில் டாக்ஸ் சலுகை மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் அடங்காது. அதற்குக் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிக விடுதியிலோ பராமரிப்போடு கூடிய குடியிருப்பிலோ இருப்பவர்களுக்கு வாடகை உதவி இன்னும் ஹவுசிங் பெனிஃபிட் வழியாகவே வருகிறது. ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கும் அப்படியே. கணவன் மனைவியருள் ஒருவர் மட்டும் அந்த வயதை எட்டியிருந்தால் விதி வேறு. அவர்கள் தாமாக முடிவெடுக்காமல் ஆலோசனை கேட்பது நலம்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரையில் நேர்மையான குடும்பங்களையே இது வீழ்த்துகிறது. வார வாடகை 130 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்று எண்ணி ஒருவர் மாதந்தோறும் 520 பவுண்டு கட்டிவருகிறார். ஆனால் ஆண்டில் 52 வாரங்கள் இருக்கின்றன. 130-ஐ 52-ஆல் பெருக்கிப் பன்னிரண்டாக வகுத்தால் 563 பவுண்டு 33 பென்ஸ் வருகிறது. யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடுவதும் இப்படியே. மாதம் 43 பவுண்டு குறைத்துக் கட்டிய அந்த மனிதர் ஆண்டின் முடிவில் 520 பவுண்டு நிலுவையில் நிற்கிறார். தாம் ஒரு மாதமும் தவறவில்லை என்று அவர் உறுதியாக நம்புகிறார். நோட்டீஸ் வரும்போது பிறர் பொய் சொல்லுகிறார்கள் என்று நினைக்கிறார். ஏப்ரலில் கவுன்சில் வாடகை உயரும்போது, புதிய வாடகையை இணையக் கணக்கில் நாமே தெரிவிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. தாமதித்தால் அந்த உயர்வு நம் கையிலிருந்தே போகும்.

இனி நம் வீட்டுக்குள் உள்ள காரியம். பணம் குறைவுபடும் மாதத்தில் நம்மவர் முதலில் எதைக் கட்டுகிறார்கள்? சீட்டுக்காசை. சீட்டுத் தவறினால் நாலுபேர் அறிவார்கள். கவுன்சிலுக்கோ முகம் இல்லை. இரண்டாவது, ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பும் பணம். மூன்றாவது, இதைச் சொல்ல எனக்கு வருத்தமே, சபைக் காணிக்கை. வாடகை கடைசியில் நிற்கிறது. நகையை அடகு வைத்துத் தசமபாகம் கொடுப்பதைப் பரிசுத்தம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

பிரியமானவர்களே, மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கொர்பான் என்ற வழக்கத்தைக் கடிந்துகொண்டார். தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவைப்பதை அவர் பக்தியாக ஏற்கவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று நான் நம்புகிறேன். ஆகையால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்: இந்த ஐந்து வாரத்தில் இருக்கிறவர்கள் காணிக்கைப் பையை வெறுங்கையோடு கடத்திவிடுங்கள். வாடகையைக் கட்டுங்கள். போதகர் இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சபையின் மின்கட்டணத்துக்காக ஒரு குடும்பம் வீட்டை இழப்பதைக் கர்த்தர் கேட்கவில்லை என்பதே என் பதில்.

யூனிவர்சல் கிரெடிட் ஒரு தம்பதியருக்கு ஒரே கணக்கில்தான் செல்லும். அது கணவருடைய கணக்காக இருந்தால், எவ்வளவு வந்தது, வாடகை போயிற்றா என்பதை மனைவி கேட்டறிவது கீழ்ப்படியாமை அல்ல. கொடுமைக்கு உள்ளாகிற சகோதரிகள் தொகையைப் பிரித்து அனுப்பும்படி கேட்க வழியுண்டு.

வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உபாகமம் 24-இல் கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று ஒரு பிரமாணம் இருக்கிறது. கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்குள் அவனுக்கு மரியாதை உண்டு. முதல் தொகை வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நிலுவையைத் தவணையாகப் பெற எழுத்தில் உடன்படுங்கள். பெனிஃபிட் வாங்குவோருக்கு வீடு இல்லை என்று பொதுவாகத் தள்ளிவிடுவது சட்டத்துக்கு விரோதமான பாகுபாடு என 2020 ஜூலையில் யார்க் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசுவாசிகள் நீதிமன்றத்துக்கு முன்பே இதை அறிந்திருக்க வேண்டியவர்கள் அல்லவா?

மூப்பர்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். அறுப்பின் பண்டிகையின் ஏலத்தில் சேரும் பணத்தில் ஒரு பங்கை, இந்த மாற்றத்தில் அகப்பட்ட குடும்பங்களுக்கு வட்டியில்லாத வாடகைக் கடனாக ஒதுக்குவோம். பெயர் அறிக்கையில் வாசிக்கப்படலாகாது.

முதல் விண்ணப்பத்துக்கு உதவ சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ஹெல்ப் டு கிளெய்ம் சேவை இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கடிதத்தைப் பிரிக்கப் பயந்து மேசையில் வைத்திருப்பவர்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை அப்படியே கொண்டுவாருங்கள். உடன் அமர்ந்து வாசித்துச் சொல்ல இரண்டு வாலிபர்கள் முன்வந்திருக்கிறார்கள். வாசித்ததை வெளியே பேசாதவர்கள்.