பர்த்டே பார்ட்டி முடிந்த பிறகும் சுவர் பளிச்! - வாடகை வீட்டுக்கான அலங்கார டிப்ஸ்

குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் பலூன், ரிப்பன், 'ஹேப்பி பர்த்டே' தோரணம் என்று ஹாலே களைகட்டும். மறுநாள் டேப்பைப் பிரிக்கும்போதுதான் சிக்கல்; கூடவே பெயின்ட்டும் உரிந்து வரும். எழுத்துபூர்வ ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, வெள்ளையடிப்பதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வீட்டு உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஆனால், குடியிருப்பவரால் வந்த சேதம் என்றால் அட்வான்ஸில் கைவைக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

சுவரைச் சோதியுங்கள்

சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டெம்பர். அதில் எந்த டேப்பும் வேண்டாம். எமல்ஷன் பெயின்ட் என்றால், பீரோவுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, மறுநாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓதம் ஏறிய சுவரையும், புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரையும் தொடவே வேண்டாம்.

எந்த டேப்?

பேப்பர் மாதிரி இருக்கும் மாஸ்க்கிங் டேப் போதும். ஸ்பாஞ்ச் வைத்த டபுள் சைடு டேப்தான் சுவரின் முதல் எதிரி. கனமான தோரணத்துக்கு, கழற்றக்கூடிய ஸ்டிக்கர் ஹூக் வாங்கலாம். சுவரைத் துடைத்து, 30 விநாடி அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள்.

சுவரே வேண்டாமா?

* துணி காயப்போடும் ஸ்டாண்டில் அம்மாவின் பட்டுப்புடவையை மடித்துப் போட்டால் அதுதான் பேக்டிராப். பலூன்களை நூலில் கோத்து, ஸ்டாண்டின் கம்பியிலேயே கட்டிவிடலாம்.
* ஜன்னல் கிரில், ஸ்கிரீன் கம்பி, பரண் விளிம்பு... இவையெல்லாம் இலவச ஹூக்குகள்.
* ஸ்டீல் பீரோவுக்கு ஃப்ரிட்ஜ் மேக்னெட். கண்ணாடி, டைல்ஸுக்குச் சாதாரண செலோ டேப்.

இதில் விளையாட வேண்டாம்

மின்விசிறியில் ரிப்பன் கட்டாதீர்கள். யாராவது பழக்கத்தில் ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள். ஃபால்ஸ் சீலிங்கில் ஊசி, ஆணி கூடாது. கடையில் வாங்கும் காஸ் பலூனில் ஹீலியத்துக்குப் பதில், எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் இருக்கலாம். கேக் மெழுகுவத்தி, விளக்கு, சிகரெட் பக்கத்தில் அவை வரவே கூடாது. காற்று ஊதிய பலூனே பாதுகாப்பு.

பிரிப்பதிலும் இருக்கு பக்குவம்

பார்ட்டி முடிந்ததும், அதிகபட்சம் மறுநாள் காலையிலேயே கழற்றிவிடுங்கள். நாளாக ஆக பசை இறுகும். டேப்பை வெடுக்கென்று இழுக்காமல், சுவரோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரியுங்கள். அடம்பிடித்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூடு காட்டுங்கள். ஸ்டிக்கர் ஹூக்கின் வாலை, முன்பக்கமாக இழுக்காமல் நேர் கீழே இழுக்க வேண்டும். டைல்ஸில் பசை மிஞ்சினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். சுவரில் மட்டும் எண்ணெய் வேண்டாம், கறை நிரந்தரமாகிவிடும்.

அலங்காரத்துக்கு முன்பே சுவரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கும் புதிய கீறலுக்கும் பஞ்சாயத்து வந்தால் அதுதான் சாட்சி!